தீ மிதிக்காத பாதம்

அத்தியாயம் 11

கேம்ப் ரோடு சிமென்ட் கடையில் போன் மணி அடித்தபோது பொன்னுரங்கத்தின் தலையில் மூட்டை இருந்தது. அதை லாரிக்குள் தள்ளிவிட்டு, சாம்பல் பூத்த கையோடு ஓடி வந்து எடுத்தான். அண்ணன் துரைராஜ் ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் போன நாளிலிருந்து இந்தப் போனை வேறு யாரையும் அவன் எடுக்க விடுவதில்லை.

மறுமுனையில் அண்ணி கங்கையம்மாள்.

"தம்பி, தையலு அங்கதானே கீது?"

"நேத்தே அக்கா நாவலூர்லேர்ந்து வந்துடுச்சி அண்ணி. இன்னிக்கி அண்ணனைப் பாத்தே ஆவணும்னு காலைலேர்ந்து குதிச்சிகினு கீது."

"வேணாம். இட்டாராத."

"ஏன்? இன்னா ஆச்சு?"

பின்னால் ஆஸ்பத்திரியின் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது.

"உங்கண்ணனுக்குக் கையும் காலும் செவந்து போச்சி. பாதத்துல தோலு உரியுது. டாக்டரம்மா சொல்லிட்டாங்க தம்பி. தையலு குடுத்தது உள்ள போயி சண்டை போடுதாம். அது வந்து பாத்துச்சுன்னா தாங்காது. ஜொரம்னு சொல்லு. உள்ள விட மாட்றாங்கன்னு சொல்லு. இன்னாத்தையாவது சொல்லி நிறுத்து."

போனை வைத்த பிறகும் பொன்னுரங்கம் அங்கேயே நின்றான். கறுப்புப் போனில் அவன் கை அச்சு சாம்பலாகப் பதிந்திருந்தது.

துரைராஜின் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோன கதை இதுவரை கூட வந்தவர்களுக்குத் தெரியும். கிணறு வற்றுவது போலத்தான் அது வற்றியது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. மூட்டை உரசிய இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. கூடப் பிறந்தவர் எலும்பிலிருந்து சத்தை எடுத்து இவர் உடம்பில் ஏற்றினால் திரும்ப ஊறும் என்றார்கள். தங்கை தையல்நாயகி கொடுத்தாள். ஊறவும் ஊறியது. போன வாரம்தான் சேலையூர் வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள்.

பொன்னுரங்கம் வீட்டுக்குப் போனபோது தையல்நாயகி வாசலில் தயாராக நின்றாள். தலைக்கு ஊற்றி, ஈரக்கூந்தலை நுனியில் முடிந்திருந்தாள். கையில் ஒரு துணி மூட்டை.

"அக்கா, இன்னிக்கி வேணாம். உள்ள விட மாட்றாங்களாம்."

"யாரை? என்னையா? உள்ள ஓடறதே என்னுதுடா. என்னுதைப் பாக்க என்னை விட மாட்டாங்களா?"

"அண்ணனுக்கு லேசா ஜொரமாம். அண்ணி சொன்னாங்க."

"ஜொரம்னா பாக்கத்தான் போவாங்க. வேற எதுக்குப் போவாங்க, சினிமாவுக்கா? கெளம்புடா."

"மூட்டையில இன்னா? வெளிச் சாப்பாடு ஆவாதுன்னு சொல்லிகீறாங்க."

"சாப்பாடு இல்ல. எங்க வூட்டுக்காரரு பழைய வேட்டி. நல்லா நைஞ்சது. கொதிக்க வெச்சி அலசி இஸ்திரி போட்டுகினு வந்துகீறேன். அண்ணன் படுத்துக்கச்சொல்ல மெத்துன்னு இருக்கும்."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். பிறகு, தம்பியைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வருஷா வருஷம் பொங்கலுக்கு அண்ணன் சீர் தட்டோட நாவலூர் வந்து நிப்பாரு. மழ பெஞ்சாலும் வருவாரு. பொறந்த வூட்டுக்கு நான் திருப்பி இன்னா குடுத்தேன்? இத்தினி காலத்துல இது ஒண்ணுதான்டா குடுத்துகீறேன்."

அதற்கு மேல் பொன்னுரங்கத்துக்குப் பொய் வரவில்லை. லாரி சாவியைக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அவள் பின்னால் நடந்தான்.

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பும்போதே கூட்டம். தையல்நாயகிக்கு எதிரே பூக்கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். குரோம்பேட்டை வருவதற்குள் இருவரும் சிநேகமாகிவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்கா போறீங்க?"

"ஆமாக்கா. எங்கண்ணனைப் பாக்க. அவருக்கு நான்தான் குடுத்துகீறேன்."

"இன்னாது, கிட்னியா?"

"கிட்னி இல்ல. நல்லி எலும்ப உறிஞ்சினா உள்ளேர்ந்து வருமே, அது."

"அய்யே!"

"இடுப்பாண்ட ஊசி போட்டு இழுத்தாங்கக்கா. பாயா கடைக்காரன் தோத்தான் போ."

பூக்காரம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள். "வலிச்சிருக்குமே?"

"மயக்கம் குடுத்துட்டாங்க. அப்பால கொஞ்ச நாள் ஒக்காரச்சொல்ல வலிச்சுது. நாலு புள்ள பெத்தவளுக்கு அது ஒரு வலியா? நாலும் ஆம்பளப் புள்ள வேற."

பொன்னுரங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாலு பிள்ளை பெற்றவள். டாக்டர் ரத்தினபாய் அன்றைக்குச் சொன்ன வார்த்தை அதுதான். மறைத்துச் சொல்லவில்லை. கங்கையம்மாள், தையல்நாயகி, அவன், மூன்று பேரையும் எதிரே உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"ஆறு பொருத்தம் பார்ப்போம். ரெண்டு பேருக்குமே ஆறும் சரியா இருக்கு. இது அதிர்ஷ்டம். ஆனா தம்பி கொடுத்தா எனக்கு இன்னும் கொஞ்சம் திருப்தி. ஆம்பளைப் பிள்ளையைச் சுமந்த உடம்பு, ஆம்பளை உடம்பை அந்நியம்னு ஒருதரம் பார்த்துப் பழகியிருக்கும். அந்தப் பழக்கம் ரத்தத்தோட கூடப் போகலாம். போகாமலும் இருக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

மூன்று பேர் காதிலும் விழுந்தது. ஆனால் தங்கியது 'பொருத்தம்' என்ற ஒரு சொல்தான். கல்யாணத்துக்குப் பத்தில் ஆறு வந்தாலே மேளத்துக்குச் சொல்லிவிடுவார்கள். இங்கே ஆறுக்கு ஆறு. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள்.

அதோடு அப்போது பொன்னுரங்கத்தின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. அண்ணன் பிழைத்து வரவேண்டும் என்று ஊர் அம்மனுக்குத் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டினவன் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. ஊசி முனை ரத்தம்கூடச் சிந்தக் கூடாது. அவிழ்த்துவிடலாமா என்று பூசாரியைப் போய்க் கேட்டார்கள். யாருக்காகக் கட்டினானோ அவருக்குத்தான் ஆகாது என்று அவர் சொன்னார். ஆஸ்பத்திரியிலோ அந்த வாரம்தான் அறை காலி. விட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. துரைராஜுக்கு மூக்கிலும் ரத்தம் வர ஆரம்பித்திருந்தது.

"தம்பி காப்போட இருக்கட்டும். நான் இன்னாத்துக்குக் கீறேன்?" என்று தையல்நாயகி அன்றைக்கு எழுந்து நின்றாள்.

எல்லோருக்கும் நிம்மதி. ஒருத்தி கொடுக்கிறாள், ஒருத்தன் வேண்டிக்கொள்கிறான், வேறென்ன வேண்டும்? அக்கா உடம்பில் ஊசி ஏறிய வாரத்திலேயே தம்பி தணலில் இறங்கினான். கரையில் நின்று ஊரே கூவியது.

"எங்கண்ணனைப் பத்தி ஒண்ணு சொல்லவாக்கா?" தையல்நாயகியின் குரல் ரயில் சத்தத்துக்கு மேலே கேட்டது. "கல்யாணமான புதுசுல எனக்கும் மாமியாருக்கும் ஆவாது. ஒருநாளு வாக்குவாதம் முத்திப்போயி சமையக்கட்டுக்குள்ள பூந்து தாப்பா போட்டுகினேன். வூடு பூரா பட்டினி. எங்க வூட்டுக்காரரு கெஞ்சறாரு, நான் தெறக்கல. சேலையூருக்கு ஆளு போச்சி. அண்ணன் சைக்கிள் மிதிச்சிகினு நாவலூர் வந்தாரு."

"அடிச்சாரா?"

"அடிக்கறதா? கதவாண்ட ஒக்காந்தாரு. அப்பால மெதுவா, 'தையலு, அந்நிய வூடுன்னு நெனச்சா சண்டை போடத்தான் தோணும். இது உன் வூடு. பசிக்குதும்மா, கதவைத் தெற'ன்னாரு. தெறந்து, அவருக்கு மொதல்ல சோத்தைப் போட்டேன். அதோட சரி. அதுக்கப்பால என் மாமியாரு சாவற வரைக்கும் நான்தான் அதுக்குத் தலை வாரினேன்."

பூக்காரம்மாள் கூடையிலிருந்து ஒரு முழம் எடுத்து அவள் தலையில் வைத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போனாள். பொன்னுரங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்கார இடம் இருந்தும் உட்கார மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரி மாடியில் கங்கையம்மாள் தொலைவிலேயே அவர்களைப் பார்த்துவிட்டாள். பொன்னுரங்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலை குனிந்தான்.

"வா தையலு. அவரு தூங்கறாரு. இப்பிடி பெஞ்சில ஒக்காரு. மொதல்ல தம்பி போயி பாத்துட்டு வரட்டும். ஒருத்தருக்குத்தான் பர்மிஷனு."

"தூங்கறவரை அவன் மட்டும் இன்னா எழுப்பியா பாக்கப் போறான்? நான் போறேனே."

"பூ வெச்சிகினு கீறியே. பூவோட உள்ள விடமாட்டாங்க. அத்த எடுத்துட்டு, கை கழுவிட்டு ஒக்காரு. கூப்பிடறேன்."

பூ நல்ல சாக்காக இருந்தது. தையல்நாயகி முணுமுணுத்துக்கொண்டே தலையிலிருந்து அதை எடுத்தாள்.

பொன்னுரங்கம் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினான். சிமென்ட் ஏறிய நகக்கண்ணை நர்ஸ் இரண்டு தரம் தேய்க்கச் சொன்னாள். அங்கியும் முகத்துணியும் கொடுத்தாள். காலுக்கும் பச்சைத் துணியில் உறை. முன்பு ஒருநாள் தீக்குழிச் சாம்பலைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தபோது இதே நர்ஸ்தான் கிருமி வரும் என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள்.

துரைராஜ் தூங்கவில்லை. தலையில் ஒரு மயிர் இல்லை. போர்வை முழங்காலோடு நின்றிருந்தது. மெல்லிய துணி பட்டாலும் எரிகிறது என்று பாதங்களை ஒரு தலையணை மேல் வெளியே வைத்திருந்தார்கள்.

பொன்னுரங்கம் அந்தப் பாதங்களைப் பார்த்தான். சுண்ணாம்புக் கலவையில் செருப்பில்லாமல் நாள் முழுக்க நிற்கிற ஆட்களின் கால் அவனுக்குத் தெரியும். வெந்து, வெளுத்து, சாயங்காலம் தோல் சுருண்டு வரும். இது அதைவிட மோசம். உள்ளங்கால் முழுவதும் ரத்தச் சிவப்பு. குதிகாலில் தோல் கொப்பளித்து, ஓரத்தில் காகிதம் போலக் கிழிந்து நின்றது. உள்ளங்கையும் அப்படியே. காது மடல்கூடச் சிவந்திருந்தது.

"வாடா. லோடு ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சிண்ணா. ஒண்ணு கீழ்க்கட்டளை, ஒண்ணு மாடம்பாக்கம்."

"மூட்டையைத் தரையில அடுக்காத. ஈரம் ஏறினா பாறையாப் பூடும். பலகை போட்டு அடுக்கு."

"சரிண்ணா."

துரைராஜ் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். தம்பியின் காலைப் பார்த்தார்.

"கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கி மிதிக்கச்சொல்ல சுட்டுச்சாடா?"

"இல்லண்ணா. ஒண்ணுமே தெரியல. ஒரு கொப்பளம்கூட இல்ல."

"எனக்குச் சுடுதுடா."

குறையாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் பார்த்தார். பொன்னுரங்கம் தன் காலைக் குனிந்து பார்த்தான். பச்சை உறை மூடியிருந்தது. நல்லவேளை என்று நினைத்தான். காயமில்லாத அந்தப் பாதத்தை இந்த அறையில் வெளியே காட்ட முடியாது.

"தையலு வந்துகீதா? அதும் கொரலு கேட்டுச்சே."

"வெளிய கீது. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"சொல்லாதீங்க. ஒண்ணைக் குடுத்தோம்னு சந்தோஷமா கீது. அத்த எதுக்குப் புடுங்கணும்? தோலு ஆறினப்பால வந்து பாக்கட்டும்."

"சரிண்ணா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

மறைக்கிற வேலை அவனுக்கு மிச்சமிருக்கவில்லை. பெஞ்சில் துணி மூட்டை மட்டும் கிடந்தது. தையல்நாயகி தாழ்வாரத்தின் நடுவில் டாக்டர் ரத்தினபாயை மறித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் தரை துடைக்கிற ஆயா தனம், துடைப்பக் கட்டையைப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தாள். கங்கையம்மாள் தலையில் கை வைத்திருந்தாள்.

"நான் தெரியாம கேட்டுட்டேம்மா," என்றாள் தனம். "குடுத்தவங்க நீங்கதானா, பாவம், ஒத்துக்கலையாமேன்னு கேட்டேன். இவுங்களுக்குச் சொல்லலைன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

தையல்நாயகி அவள் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க சொல்லுங்க டாக்டரம்மா. என்னுதுதான் எங்கண்ணனை அடிக்குதா?"

டாக்டர் ரத்தினபாய் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தார். கிளிப்பிள்ளை போலப் பேசுகிற டாக்டர் இல்லை அவர். கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்வார். பெஞ்சில் உட்கார்ந்து, அவளையும் உட்கார வைத்தார்.

"நீங்க கொடுத்தது நல்லா வேர் பிடிச்சிருக்கு. அண்ணனுக்கு இப்ப ஊறுற ரத்தம் உங்க ரத்தம்தான். அது இல்லேன்னா அவர் இன்னிக்கு இல்லை. அதை முதல்ல மனசுல வைங்க."

"அடிக்குதா இல்லையா?"

"அடிக்குது. ரத்தத்துல காவல் வேலை பார்க்கிற அணுக்கள் இருக்கு. அந்நியம்னு பட்டதை அடிக்கும். அதுதான் அதோட சுபாவம். இப்ப புது இடத்துக்கு வந்திருக்கு. இது யார் வீடுன்னு தெரியல. வீட்டையே அந்நியம்னு நினைச்சு அடிக்குது. முதல்ல கை, கால், தோல்."

"ஆறு பொருத்தம் இருந்துச்சேம்மா," என்றாள் கங்கையம்மாள். எத்தனையோ தரம் கேட்டுவிட்ட கேள்விதான்.

"நாங்க பார்க்கத் தெரிஞ்ச இடம் ஆறு. பார்க்கத் தெரியாத இடம் ஆயிரம் இருக்கும்மா. கூடப் பிறந்தவங்களா இருந்தாலும் அங்க ஒருத்தர் ஒருத்தருக்கு வித்தியாசம் இருக்கும். கொடுக்கிறவர் யாருங்கிறதைப் பொறுத்து வாங்கினவர் உடம்புல நடக்கிறதும் மாறும். இன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

பொன்னுரங்கம் முன்னால் வந்தான். முகத்துணி இன்னும் கழுத்தில் தொங்கியது.

"இப்ப என்னுதை எடுத்துப் போட்டா ஆவாதா டாக்டர்? காப்பு அவுத்தாச்சி. எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்குங்க."

"வேர் பிடிச்சதைப் பிடுங்கிட்டு வேற நட முடியாதுப்பா. மருந்து கொடுத்து அடக்கத்தான் பார்க்கணும்."

"அன்னிக்கி நானே குடுத்திருந்தா?"

"குறைவா வந்திருக்கலாம். உன்னோடதுலயும் இதே மாதிரி வந்திருக்கலாம். நிச்சயமாச் சொல்ல என்னால முடியாது. சொன்னா அது பொய்."

அவர் எழுந்தார். போகும்போது கங்கையம்மாளிடம் திரும்பினார்.

"தோலோட நின்னா மருந்துக்கு அடங்கும். ஈரல்ல இறங்கினா கண் மஞ்சளாகும். எனக்கு அதுதான் பயம். கண்ணைப் பார்த்துக்கிட்டே இருங்க. கொஞ்சம் மாறினாலும் உடனே சொல்லுங்க."

டாக்டர் போன பிறகு தனம் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"நான் அந்தக் கயித்த அறுத்துப் போட்டிருக்கணும்," என்றான் பொன்னுரங்கம். "பல்லால கடிச்சாவது அறுத்திருக்கணும்."

"உன்னை நான்தானே தம்பி தடுத்தேன்? பூசாரி சொன்னதைக் கேட்டு, கையைப் புடிச்சிகினது நானு," என்றாள் கங்கையம்மாள். "டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க. எனக்குத்தான் ஏறல."

"இல்ல அண்ணி, நான்..."

"இருங்க ரெண்டு பேரும்." தையல்நாயகி எழுந்தாள். கண் வற்றி இருந்தது. "தப்பைப் பங்கு போட்டுக்க இது இன்னா அப்பன் சொத்தா? ஆளுக்கு ஒரு மூலை வேணும்ன்றீங்க. எனக்குத்தான் முழுசாச் சேரணும். அதும் வேணாம். சண்டை போடறது என்னுது. நான் போயி கேட்டுக்கறேன்."

"தையலு, அவரைப் பாத்து அழுது கிழுது..."

"அழ மாட்டேன் அண்ணி. வழி வுடுங்க."

நர்ஸ் அங்கி கட்டிவிட்டாள். அங்கி தையல்நாயகிக்கு நீளமாக இருந்தது. ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் நடப்பவள் போல உள்ளே போனாள். துணைக்கு இருப்பவள் என்று கங்கையம்மாளையும் நர்ஸ் கூடவே விட்டாள். பொன்னுரங்கம் கண்ணாடிக்கு வெளியே நின்றான். கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

அவள் அண்ணன் முகத்தைப் பார்க்கப் போகவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அந்தப் பாதங்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, தொடாமல், அவற்றுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

"ஏண்டி," என்றாள்.

துரைராஜ் கண்ணைத் திறந்தார். "யாரை?"

"உன்னை இல்லண்ணா. நீ சும்மா படு. உள்ள பூந்துகினு கீறாளே, அவளைக் கேக்கறேன்." மறுபடி பாதத்திடம் குனிந்தாள். "ஏண்டி, அனுப்பச்சொல்ல இன்னா சொல்லி அனுப்பினேன்? எங்கண்ணன் வூடு, பதவிசா இருந்துக்கோன்னு சொன்னேனா இல்லையா? போன எடத்துல தாப்பா போட்டுகினு சண்டையா போடற? யார்கிட்டடி கத்துகின?"

"உன்கிட்டதான்," என்றார் துரைராஜ்.

கங்கையம்மாள் சிரித்துவிட்டாள். துரைராஜும் சிரித்தார். காய்ந்த கீழுதடு வெடித்து, ஒரு பொட்டு ரத்தம் எட்டிப்பார்த்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற பொன்னுரங்கம் அதையே பார்த்தான். அது யாருடைய ரத்தம் என்று ஒரு கணம் அவனுக்குக் குழம்பியது.

தையல்நாயகி சிரிக்கவில்லை. அவள் குரல் இறங்கியது.

"அந்நிய வூடுன்னு நெனச்சிகினு கீறியாடி? நெனச்சா சண்டை போடத்தான் தோணும். இது உன் வூடுதான். இது..."

அதற்கு மேல் வரவில்லை. அந்த வார்த்தைகளைத் துரைராஜ் அடையாளம் கண்டுகொண்டார். நாவலூரில் ஒரு மூடின கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவர் சொன்னவை. கையை நீட்டப் பார்த்தார். உள்ளங்கை அவளைத் தொடவிடாது என்று நினைவு வந்து, நீட்டிய கையைக் காற்றிலேயே வைத்திருந்தார்.

"பசிக்குதும்மா தையலு," என்றார். "தெறக்கச் சொல்லு."

தையல்நாயகி அங்கியின் கையால் முகத்துணியை அழுத்திக்கொண்டாள். அழமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கங்கையம்மாள் பஞ்சை நனைத்து, கணவரின் உதட்டு ரத்தத்தை ஒற்றி எடுக்கக் குனிந்தாள். அவ்வளவு பக்கத்தில் அவர் கண்கள் இருந்தன. சிரித்ததில் கொஞ்சம் நீர் கட்டியிருந்தது. வெள்ளை விழியில் ஒரு மஞ்சள்.

அவள் பஞ்சைப் பிடித்த கை அப்படியே நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. சுவர் மஞ்சள். போர்வை மஞ்சள். தையல்நாயகியின் வெள்ளை முகத்துணியும் மஞ்சள். தன் கையில் இருந்த பஞ்சைப் பார்த்தாள். அதுவும்தான்.

"இன்னா அண்ணி அப்பிடிப் பாக்கறீங்க?" என்றாள் தையல்நாயகி.

கங்கையம்மாள் அவளைப் பார்த்தாள். கொண்டுவந்த பழைய வேட்டியை நர்ஸ் வாங்கிப் பார்த்து, அண்ணன் காலுக்கடியில் விரிக்கலாம் என்று தலையசைத்திருந்தாள். தையல்நாயகி அதை மடிப்புப் பிரிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல. வெயிலு," என்றாள் கங்கையம்மாள்.

ஜன்னலோரம் போய் நின்றாள். மஞ்சள் வெயிலுடையதா, அவருடையதா என்று தெரிய வேண்டுமானால் சூரியன் இறங்கியாக வேண்டும். அது அன்றைக்கு மெதுவாகத்தான் இறங்கியது.